மடிக்கணினி பேட்டரி சீக்கிரம் தீர்கிறதா? அறிகுறி வாரியாகக் காரணம் கண்டு சரிசெய்யும் வழிமுறை

பேட்டரி முன்போல் நிற்பதில்லை என்று சொல்லி யாராவது தம் மடிக்கணினியை என் மேசையில் வைத்தால், எந்த அமைப்பையும் தொடுவதற்கு முன் நான் ஒரு கேள்விக்கு விடை தேடுகிறேன். பேட்டரியின் கொள்ளளவு சுருங்கிவிட்டதா, அல்லது கணினி இழுக்கும் மின்சாரம் கூடிவிட்டதா? பயன்படுத்துபவருக்கு இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும். ஆனால் சுருங்கிய கொள்ளளவை எந்த அமைப்பாலும் மீட்க முடியாது. கூடிப்போன செலவைப் பெரும்பாலும் காசு செலவின்றியே குறைத்துவிடலாம். இதைப் பிரித்துப் பார்க்காமல், எங்கோ படித்த பத்துப் பதினைந்து மாற்றங்களை ஒரே மாலையில் செய்துவிட்டு, எது பலன் தந்தது, எது கணினியை மந்தமாக்கியது என்று தெரியாமல் தவிப்பவர்களையே நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

கீழே உள்ள வழிமுறை விண்டோஸ் 11-ஐ மையமாக வைத்தது. மேக்கிலும் லினக்ஸிலும் வழி வேறாக இருக்கும் இடங்களில் அதையும் சொல்லியிருக்கிறேன். திரையில் ஆங்கிலத்தில் தெரியும் பெயர்களைத் தேடி எடுக்க வசதியாக அவற்றை ஒலிப்படியே எழுதியிருக்கிறேன்.

## எதையும் மாற்றும் முன்: இரண்டு எண்கள்

முதல் எண் கொள்ளளவு. விண்டோஸில் ஸ்டார்ட் பொத்தானின் மீது வலது சொடுக்குச் செய்து, கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் சாளரமான டெர்மினலைத் திறக்க வேண்டும். பவர் என்னும் ஆங்கிலச் சொல்லோடு சி, எஃப், ஜி ஆகிய மூன்று எழுத்துகளை இடைவெளியின்றிச் சேர்த்தால் வருவது பவர்சிஎஃப்ஜி கட்டளை. அதன்பின் ஓர் இடைவெளியும் ஒரு சாய்கோடும் இட்டு, பேட்டரி, ரிப்போர்ட் ஆகிய இரு சொற்களை ஒட்டி எழுதி என்டர் விசையை அழுத்தினால் ஓர் அறிக்கை உருவாகும். அது எங்கே சேமிக்கப்பட்டது என்பதையும் திரையே சொல்லும். அந்தக் கோப்பைப் பிரௌசரில் திறந்தால் 'டிசைன் கெபாசிட்டி', 'ஃபுல் சார்ஜ் கெபாசிட்டி' என்னும் இரண்டு வரிகள் தெரியும். முன்னது பேட்டரி புதிதாக இருந்தபோது கொள்ள வேண்டியது. பின்னது இன்று உண்மையில் கொள்வது. எடுத்துக்காட்டாக, 50,000 மில்லிவாட் மணி கொள்ள வேண்டிய பேட்டரி இன்று 41,000 மட்டுமே கொள்கிறது என்றால் 82 சதவீதம் மிஞ்சியிருக்கிறது என்று பொருள்.

80 சதவீதத்துக்கு மேல் இருந்தால் குறை பேட்டரியில் இல்லை என்று கொண்டு அமைப்புகளைத் தேடுகிறேன். 60-க்கும் 80-க்கும் இடையில் இருந்தால் அமைப்புகளைச் சீர்செய்து, கிடைக்கும் நேரத்தோடு இன்னும் சில காலம் ஓட்டலாம். 60-க்குக் கீழே போய்விட்டால் அமைப்புகளில் மணிக்கணக்காக உழைப்பது வீண். பேட்டரியை மாற்றுவதுதான் வழி. இவை என் கைப்பழக்கத்தில் வந்த கோடுகளே தவிர, யாரும் வகுத்த விதிகள் அல்ல.

மேக்கில் சிஸ்டம் செட்டிங்ஸைத் திறந்து, பேட்டரி பகுதியில் 'பேட்டரி ஹெல்த்' வரிக்கு அருகில் உள்ள சிறு குறியைச் சொடுக்கினால் இதே சதவீதம் கிடைக்கும். லினக்ஸில் யுபவர் கட்டளையோடு ஒரு சிறுகோடும் டி எழுத்தும் சேர்த்து இயக்கினால், 'எனர்ஜி ஃபுல்', 'எனர்ஜி ஃபுல் டிசைன்' என இரண்டும் தெரிவதோடு, அந்த நொடியில் எத்தனை வாட் செலவாகிறது என்பதும் 'எனர்ஜி ரேட்' வரியில் தெரியும்.

இரண்டாவது எண் செலவு. சார்ஜரைக் கழற்றிவிட்டு, வழக்கமான வேலையை அரை மணி நேரம் செய்து, தொடக்கத்திலும் முடிவிலும் சதவீதத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். மேலே சொன்ன 41 வாட் மணி (41,000 மில்லிவாட் மணி) பேட்டரியில் அரை மணி நேரத்தில் 10 சதவீதம் குறைந்தால், 4.1 வாட் மணி செலவாகியிருக்கிறது. அதாவது கணினி சராசரியாக 8 வாட் இழுக்கிறது. மெல்லிய மடிக்கணினி ஒன்றில் எழுதுவதும் படிப்பதுமான வேலைக்கு 5 முதல் 10 வாட் இயல்பானது. அதே வேலைக்கு 15 வாட்டைத் தாண்டினால், நம் கண்ணுக்குத் தெரியாமல் ஏதோ ஒன்று உழைத்துக்கொண்டிருக்கிறது.

இனி வரும் ஒவ்வொரு மாற்றத்தையும் தனித்தனியாகச் செய்து, அதே அரை மணி நேரச் சோதனையைத் திரும்பச் செய்ய வேண்டும். இதற்குப் பொறுமை வேண்டும் என்பது உண்மைதான். ஆனால் இந்தப் பொறுமைக்கு மாற்று ஒன்றை நான் இதுவரை காணவில்லை.

## அறிகுறி 1: முழு சார்ஜில் தொடங்கியும் வேலை நடுவில் தீர்ந்துபோகிறது

### இந்தச் சிக்கல் கடந்த ஓரிரு நாளில்தான் தொடங்கியது என்றால்

இயங்குதளத்துக்குப் பெரிய புதுப்பிப்பு ஒன்று அண்மையில் வந்ததா என்று பார்க்க வேண்டும். அப்படிப்பட்ட புதுப்பிப்புக்குப் பிறகு கோப்புகளைத் தேடலுக்காக மறுபடி அட்டவணைப்படுத்துவது, படங்களை ஆராய்வது, மேகச் சேமிப்போடு ஒத்திசைப்பது ஆகியவை பின்னணியில் நடக்கும். கணினியைச் சார்ஜரில் செருகி, மூடாமல், ஓர் இரவு விட்டுவிட்டால் பெரும்பாலும் அது தானாக முடிந்துவிடும். மூன்று நாளாகியும் நிற்கவில்லை என்றால் மட்டும் அடுத்த கிளைக்குப் போகலாம்.

### வெகுநாளாகவே இப்படித்தான் என்றால்

முதலில் திரை. எளிய வேலைகளின்போது மடிக்கணினியில் அதிகம் மின்சாரம் இழுக்கும் உறுப்புகளில் திரையும் ஒன்று. அறையின் வெளிச்சத்துக்கு ஏற்ப அதைக் குறைப்பதே செலவற்ற முதல் மருந்து. பகலில் சன்னல் ஓரம் இருந்தபோது முழு வெளிச்சத்துக்கு உயர்த்திவிட்டு, மாலையிலும் அதை மறந்து அப்படியே வைத்திருப்பது சாதாரணமாக நடக்கிறது. கறுப்புப் பின்னணி வைத்தால் மிச்சமாகும் என்ற நம்பிக்கை ஓலெட் திரைக்குப் பொருந்தும், ஏனெனில் அதில் கறுப்புப் புள்ளிகள் ஒளிர்வதே இல்லை. வழக்கமான எல்சிடி திரையில் பின்விளக்கு எப்படியும் எரிவதால் பலன் ஏதும் இருக்காது.

அடுத்தது திரையின் புதுப்பிப்பு வீதம், அதாவது ஒரு நொடியில் திரை எத்தனை முறை மறுபடி வரையப்படுகிறது என்பது. 120 அல்லது 144 ஹெர்ட்ஸில் ஓடும் திரையாக இருந்தால், செட்டிங்ஸில் சிஸ்டம், டிஸ்ப்ளே, 'அட்வான்ஸ்டு டிஸ்ப்ளே' என்ற வழியில் போய் 60 ஹெர்ட்ஸைத் தேர்ந்து சோதிக்க வேண்டும். 'டைனமிக்' என்ற தெரிவு அங்கே இருந்தால் அதுவே மேல். தேவைப்படும்போது மட்டும் வீதம் உயரும்.

மூன்றாவதாக, சிஸ்டம் பகுதியில் 'பவர் அண்ட் பேட்டரி' பக்கத்தைத் திறந்து, 'பவர் மோட்' எதில் இருக்கிறது என்று பார்க்க வேண்டும். ஏதோ ஒரு கனமான வேலைக்காக 'பெஸ்ட் பெர்ஃபார்மன்ஸ்' என்று மாற்றியது அப்படியே நின்றிருக்கும். பேட்டரியில் ஓடும்போது 'பெஸ்ட் பவர் எஃபிஷியன்சி' போதும். எழுத்து வேலையிலும் இணைய உலாவலிலும் வேறுபாடு தெரிவது அரிது. அதே பக்கத்தில் 'எனர்ஜி சேவர்' எந்தச் சதவீதத்தில் தானாகத் தொடங்க வேண்டும் என்பதையும் உயர்த்தலாம். நீண்ட பயண நாட்களில் நான் அதைத் தொடக்கத்திலிருந்தே இயக்கிவிடுகிறேன். மேக்கில் இதற்கு இணையானது 'லோ பவர் மோட்'. அதை 'ஒன்லி ஆன் பேட்டரி' என்று வைத்தால் சார்ஜரில் இருக்கும்போது வேகம் குறையாது. லினக்ஸில் மின்சேமிப்பைக் கவனிக்கும் பவர் ப்ரொஃபைல்ஸ் டீமன், டிஎல்பி என்னும் இரண்டு மென்பொருள்களில் ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ள வேண்டும். இரண்டும் ஒரே கணினியில் இருந்தால் ஒன்று செய்ததை மற்றொன்று கலைத்துவிடும்.

இவற்றுக்குப் பிறகே பயன்பாடுகளைத் தேட வேண்டும். 'பவர் அண்ட் பேட்டரி' பக்கத்தில் உள்ள பேட்டரி பயன்பாட்டுப் பட்டியலில், கடந்த 24 மணி நேரத்திலோ 7 நாளிலோ எந்தப் பயன்பாடு எத்தனை சதவீதம் எடுத்தது என்பது இருக்கும். முன்னணியில் எடுத்தது எவ்வளவு, பின்னணியில் எடுத்தது எவ்வளவு என்ற பிரிவைத்தான் கவனிக்க வேண்டும். நீங்கள் கையால் தொடாத பயன்பாடு ஒன்று பின்னணியில் கணிசமாக எடுத்திருந்தால் அதுவே குற்றவாளி. அதன் பெயருக்கு அருகே உள்ள புள்ளிகளைச் சொடுக்கி, பின்னணி அனுமதியை 'நெவர்' என்று மாற்றலாம். அந்தத் தெரிவு இல்லாத பழைய வகைப் பயன்பாடாக இருந்தால், 'ஸ்டார்ட்டப் ஆப்ஸ்' பட்டியலில் அதை அணைத்துவிடலாம். மேக்கில் ஆக்டிவிட்டி மானிட்டரின் 'எனர்ஜி' பிரிவு இதே வேலையைச் செய்யும்.

பட்டியலில் முதலிடத்தில் பிரௌசர் நிற்பது பெரும்பாலானவர்களுக்கு உறுதி. பிரௌசரை மாற்றும் முன், அதற்குள்ளேயே உள்ள 'மெமரி சேவர்', 'எனர்ஜி சேவர்' அமைப்புகளை இயக்கிப் பார்க்க வேண்டும். எந்தத் தாவல் உழைக்கிறது என்பதைக் குரோமிலும் எட்ஜிலும் ஷிஃப்ட், எஸ்கேப் விசைகளைச் சேர்த்து அழுத்தினால் வரும் உள் டாஸ்க் மேனேஜர் காட்டும். ஒருவரின் கணினியில் 40 தாவல்களுக்கிடையே ஒரே ஒரு தாவல், திரையில் தெரியாத நிலையிலும் அசையும் விளம்பரப் படம் ஒன்றை இடைவிடாமல் வரைந்துகொண்டிருந்தது. அதை மூடியதும் விசிறியின் இரைச்சல் சில நொடிகளில் அடங்கியதை இருவரும் காதால் கேட்டோம்.

### தனி கிராஃபிக்ஸ் சில்லு உள்ள கணினி என்றால்

அந்தச் சில்லு தேவையில்லாத நேரத்தில் உறங்க வேண்டும். செட்டிங்ஸில் டிஸ்ப்ளே, 'கிராஃபிக்ஸ்' பக்கத்தில் பயன்பாடுகளைத் தனித்தனியே 'பவர் சேவிங்' என்று வைக்கலாம். டாஸ்க் மேனேஜரின் 'பெர்ஃபார்மன்ஸ்' பிரிவில் அந்தச் சில்லு சும்மா இருக்கும்போதும் சில சதவீதம் உழைப்பதாகத் தெரிந்தால், எந்தப் பயன்பாடு அதை எழுப்புகிறது என்பதை 'டீட்டெய்ல்ஸ்' பிரிவில் 'ஜிபியூ எஞ்சின்' நிரலை, அதாவது கிராஃபிக்ஸ் சில்லுக்கான நெடுவரிசையை, சேர்த்துக் கண்டுபிடிக்கலாம். விளையாட்டுக்கான மடிக்கணினிகள் பலவற்றில் வெளித்திரைக்கான எச்டிஎம்ஐ துளை நேராகத் தனிச் சில்லோடு இணைந்திருக்கும். அப்படிப்பட்ட கணினியில் வெளித்திரை செருகியிருக்கும் வரை அந்தச் சில்லு உறங்காது. அமைப்புகளில் அதற்கு வழியும் இல்லை.

## அறிகுறி 2: மூடி வைத்த கணினி, திறக்கும்போது காலியாக இருக்கிறது

என்னிடம் அதிகம் வரும் குறை இதுதான். மனத்தை அதிகம் வருத்துவதும் இதுவே, ஏனெனில் பயன்படுத்தாமலேயே பேட்டரி தேய்கிறது. ஒருவர் பையிலிருந்து வெளியே எடுத்துத் தந்த கணினியை வாங்கியபோது, அடிப்பாகம் உள்ளங்கையில் பிடிக்க முடியாத அளவுக்குச் சுட்டது. மூடிய பைக்குள் காற்றோட்டமின்றி அது மணிக்கணக்கில் விழித்திருந்திருக்கிறது. பேட்டரியை முதுமையாக்க இந்தச் சூட்டைவிட வேகமான வழி இல்லை என்பதால் இதைத் தள்ளிப்போடவே கூடாது.

இரவு மூடும்போதும் காலையில் திறக்கும்போதும் சதவீதத்தைக் குறித்துப் பாருங்கள். எட்டு மணி நேரத்தில் மூன்று, நான்கு சதவீதம் போனால் நான் பொருட்படுத்துவதில்லை. பத்தைத் தாண்டினால் தேட வேண்டும்.

### மூடியபின்னும் விளக்கு எரிகிறது, விசிறி ஓடுகிறது என்றால்

மூடியை மூடும்போது என்ன செய்ய வேண்டும் என்ற அமைப்பைத்தான் முதலில் பார்க்க வேண்டும். கண்ட்ரோல் பேனலின் 'பவர் ஆப்ஷன்ஸ்' பகுதியில் 'சூஸ் வாட் குளோசிங் த லிட் டஸ்' என்ற இணைப்பு இருக்கிறது. பையில் சுட்டுக்கொண்டிருந்த அந்தக் கணினியில் காரணம் இங்கேதான் இருந்தது. வெளித்திரையில் வேலை செய்வதற்காக மூடியை மூடினாலும் ஓடும்படி 'டூ நத்திங்' என்று வைத்தவர், அதைச் சார்ஜருக்கும் பேட்டரிக்கும் சேர்த்தே வைத்துவிட்டார். 'பிளக்டு இன்' நிரலில் 'டூ நத்திங்' இருக்கலாம். 'ஆன் பேட்டரி' நிரலில் 'ஸ்லீப்' (உறக்கம்) அல்லது 'ஹைபர்னேட்' (முழுமையாக அணைவது) இருக்க வேண்டும். ஒரு நிமிட வேலை, அவ்வளவுதான்.

### உறங்குகிறது, ஆனாலும் சதவீதம் குறைகிறது என்றால்

டெர்மினலை அட்மினிஸ்ட்ரேட்டர் உரிமையோடு திறந்து, பவர்சிஎஃப்ஜி கட்டளையோடு ஒரு சாய்கோடும் ஏ என்ற எழுத்தும் சேர்த்து இயக்கினால், இந்தக் கணினி அறிந்த உறக்க வகைகள் தெரியும். 'எஸ்0 லோ பவர் ஐடில்' என்று வந்தால், அது மாடர்ன் ஸ்டாண்ட்பை எனப்படும் வகை. கைப்பேசியைப் போலத் திரை மட்டும் அணைந்து, உள்ளே அவ்வப்போது விழித்து வேலை செய்யும். 'எஸ்3' என்று வந்தால், நினைவகம் தவிர ஏறக்குறைய எல்லாம் அணையும் பழைய ஆழ்ந்த உறக்கம்.

மாடர்ன் ஸ்டாண்ட்பை கணினி என்றால் பவர்சிஎஃப்ஜி கட்டளையோடு ஒரு சாய்கோடும் 'ஸ்லீப்ஸ்டடி' என்பதும் சேர்த்து இயக்க வேண்டும். ஒவ்வோர் உறக்கத்திலும் எவ்வளவு சார்ஜ் போனது, உறங்கவிடாமல் தடுத்தது எந்தக் கருவி என்பதை அந்த அறிக்கை வரிசைப்படுத்தித் தரும். நான் பார்த்தவற்றில் பெரும்பாலும் வைஃபை அட்டையின் பெயரோ, புளூடூத்தின் பெயரோ, யூஎஸ்பியில் செருகியே விடப்பட்ட ஏதோ ஒரு சிறு கருவியின் பெயரோதான் மேலே நிற்கும். சிறு கருவியைக் கழற்றிவிடுங்கள். வைஃபை என்றால் கணினி உற்பத்தியாளரின் தளத்திலிருந்து அதன் டிரைவரை (அதை இயக்கும் மென்பொருளை) புதுப்பித்துவிட்டு மறுநாள் அறிக்கையை மீண்டும் எடுத்துப் பாருங்கள்.

அதற்கும் அடங்கவில்லை என்றால், மூடியை மூடும்போது ஹைபர்னேட் ஆகும்படி மாற்றிவிடுவதே என் பரிந்துரை. நினைவகத்தில் இருப்பதை வட்டில் எழுதிவிட்டுக் கணினி முழுமையாக அணையும். திறக்கும்போது சில நொடிகள் கூடுதலாகக் காத்திருக்க வேண்டும், ஆனால் விட்ட இடத்திலிருந்தே தொடரலாம், சார்ஜும் அப்படியே இருக்கும். பட்டியலில் ஹைபர்னேட் தெரியவில்லை என்றால், அட்மினிஸ்ட்ரேட்டர் டெர்மினலில் பவர்சிஎஃப்ஜி, ஓர் இடைவெளி, சாய்கோட்டுடன் ஹைபர்னேட், மீண்டும் ஓர் இடைவெளி, ஆன் என்று எழுதி இயக்கினால் பெரும்பாலும் வந்துவிடும். விண்டோஸின் உள் அமைப்புப் பதிவேடான ரெஜிஸ்ட்ரியைத் திருத்தி மாடர்ன் ஸ்டாண்ட்பையையே முடக்கும் குறுக்குவழி ஒன்று பரவலாகச் சொல்லப்படுகிறது. பழைய எஸ்3 உறக்கத்தை அடியோடு ஆதரிக்காத கணினிகளில் அதைச் செய்தால் உறக்கமே இல்லாமல் போய்விடும் என்பதால் நான் அதை யாருக்கும் செய்து தருவதில்லை.

### நள்ளிரவில் தானாக விழித்துக்கொள்கிறது என்றால்

பவர்சிஎஃப்ஜியோடு, முன்போலவே சாய்கோட்டுடன், 'லாஸ்ட்வேக்' சேர்த்தால் கடைசியாக எழுப்பியது எது என்று தெரியும்; 'வேக்டைமர்ஸ்' சேர்த்தால், இனி எழுப்பக் காத்திருப்பது எது என்று தெரியும். டைமர் என்றால் 'பவர் ஆப்ஷன்ஸ்' மேம்பட்ட அமைப்புகளில் 'அலோ வேக் டைமர்ஸ்' என்பதைப் பேட்டரிக்கு 'டிசேபிள்' செய்ய வேண்டும். சுட்டியோ வலையமைப்பு அட்டையோ எழுப்பினால், டிவைஸ் மேனேஜரில் அந்தக் கருவியின் 'பவர் மேனேஜ்மென்ட்' பிரிவில், கணினியை எழுப்பும் அனுமதிக்கான குறியை எடுத்துவிட வேண்டும். மேக்கில் 'வேக் ஃபார் நெட்வொர்க் ஆக்சஸ்' என்பதைச் சார்ஜரில் இருக்கும்போது மட்டும் என்று மாற்றலாம்.

லினக்ஸில் சிஸ் கோப்புறையின் உள்ளே பவர் கோப்புறையில் உள்ள மெம் ஸ்லீப் கோப்பைப் படித்தால், எஸ்2ஐடில், டீப் ஆகிய சொற்களில் ஒன்று சதுர அடைப்புக்குள் இருக்கும். அதுதான் இப்போதைய உறக்க வகை. டீப் என்ற சொல் இருந்தும் அடைப்புக்கு வெளியே நின்றால், கெர்னல் அளவுரு (லினக்ஸ் தொடங்கும்போது அதற்குத் தரப்படும் அமைப்பு) மூலம் அதை இயல்பாக்கிச் சோதிக்கலாம். விழித்தெழும்போது வைஃபையும் தொடுபலகையும் ஒழுங்காக வருகின்றனவா என்று இரண்டு மூன்று முறை பார்த்த பிறகே நிரந்தரமாக்க வேண்டும்.

## அறிகுறி 3: மூடாமல் விட்டால் தானாக உறங்குவதே இல்லை

முதலில் திரை அணையும் நேரமும் உறங்கும் நேரமும் 'நெவர்' என்று வைக்கப்பட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பேட்டரியில் மூன்று நிமிடத்தில் திரை அணைவதும், பத்து நிமிடத்தில் உறங்குவதும் போதுமானவை. நேரம் சரியாக இருந்தும் உறங்கவில்லை என்றால், அட்மினிஸ்ட்ரேட்டர் டெர்மினலில் பவர்சிஎஃப்ஜியோடு சாய்கோட்டுடன் 'ரிக்வெஸ்ட்ஸ்' சேர்த்து இயக்கினால், உறங்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கும் பயன்பாட்டின் பெயர் வரும். ஒலி ஓடை ஒன்று திறந்திருப்பதாக வந்தால், பின்னணித் தாவலில் நிறுத்தாமல் விட்ட பாட்டோ கூட்டமோ இருக்கும். மேக்கில் ஆக்டிவிட்டி மானிட்டரின் எனர்ஜி பிரிவில் 'பிரிவென்டிங் ஸ்லீப்' நிரல் இதைச் சொல்லும்.

## அறிகுறி 4: வீடியோவோ இணையக் கூட்டமோ ஓடும்போது மட்டும் விழுந்து தேய்கிறது

வீடியோ ஓடிக்கொண்டிருக்கும்போது டாஸ்க் மேனேஜரின் 'பெர்ஃபார்மன்ஸ்' பிரிவில் ஜிபியூவைத் திறந்து, 'வீடியோ டீகோட்' வரைபடத்தைப் பார்க்க வேண்டும். அது அசையாமல் கிடக்க, மையச் செயலி மட்டும் உழைத்துக்கொண்டிருந்தால், வீடியோவைப் பிரிக்கும் வேலை அதற்கான தனி உறுப்பில் நடக்கவில்லை. பிரௌசர் அமைப்புகளின் 'சிஸ்டம்' பிரிவில் கிராஃபிக்ஸ் முடுக்கம் அணைந்திருக்கிறதா என்று பார்த்து இயக்குங்கள். அது ஏற்கெனவே இயங்குகிறது என்றால், வீடியோ வந்துசேரும் வடிவத்தைக் கணினி அறியாமல் இருக்கலாம். அப்படிப்பட்ட வடிவங்களில் ஒன்றான ஏவி1-ஐப் பிரிக்கும் உறுப்பு இன்டெல் செயலிகளில் 2020-இல் வந்த 11-ஆம் தலைமுறையிலிருந்துதான் வந்தது. அதற்கு முந்தைய கணினியில் தெளிவை 1080-இலிருந்து 720-ஆகக் குறைப்பது எளிய வழி. 14 அங்குலத் திரையில் பெரிய இழப்பு தெரியாது.

இணையக் கூட்டத்துக்கு வேறு கணக்கு. கேமரா, ஒலி, வைஃபை, செயலி என எல்லாமே ஒருசேர உழைப்பதால் செலவு கூடுவது இயல்புதான். பின்னணியை மங்கலாக்கும் வசதியை அணைப்பதே அங்கே கண்கூடாகப் பலன் தருவது.

## அறிகுறி 5: 30 சதவீதம் காட்டிக்கொண்டிருக்கும்போதே திடீரென அணைகிறது

இதற்கு இரண்டே காரணங்கள்: அளவுகாட்டி வழி தவறியிருக்கும், அல்லது பேட்டரிக்குள் ஓர் அறை (செல்) வலுவிழந்திருக்கும்.

எளியதை முதலில் சோதிக்க வேண்டும். சார்ஜ் வரம்பு ஏதும் வைத்திருந்தால் எடுத்துவிட்டு, 100 சதவீதம் ஏற்றி, மேலும் இரண்டு மணி நேரம் செருகியே வைத்திருங்கள். பிறகு சார்ஜரைக் கழற்றி, திறந்திருக்கும் கோப்புகளைச் சேமித்து, தானாக உறங்குவதை அணைத்து, கணினி தானே அணையும் வரை எளிய வேலையில் விடுங்கள். சில மணி நேரம் ஆறவிட்டு, இடையில் நிறுத்தாமல் மறுபடி 100 வரை ஏற்றுங்கள். அதன்பின் பேட்டரி அறிக்கையை மீண்டும் எடுத்தால், முழுக் கொள்ளளவு உண்மைக்கு நெருங்கிய எண்ணுக்கு மாறியிருக்கும். இதை மாதாமாதம் செய்யும் பழக்கம் வேண்டாம். முழுதாக வடிப்பதே பேட்டரிக்கு ஒரு சுமை.

அளவு சீரான பின்னும் திடீரென அணைந்தால் அமைப்புகளால் தீராது. ஆனால் மாற்றுப் பேட்டரி வரும்வரை எழுதிய வேலை பறிபோகாமல் காக்க ஒரு வழி உண்டு. 'பவர் ஆப்ஷன்ஸ்' மேம்பட்ட அமைப்புகளில் 'பேட்டரி' பகுதியைத் திறந்து, 'கிரிட்டிக்கல் பேட்டரி லெவல்' என்பதை, வழக்கமாக அணையும் இடத்துக்குச் சற்று மேலே உயர்த்தி, அதன் செயலாக ஹைபர்னேட்டை வையுங்கள். 30-இல் விழுவது வழக்கம் என்றால் 35. ஓர் ஆய்வு மாணவியின் கணினிக்கு இப்படிச் செய்து கொடுத்த பிறகு, பேட்டரி வந்துசேரும் வரையிலான மூன்று வாரமும் அவருடைய அத்தியாயத்தில் ஒரு வரிகூட இழக்கப்படவில்லை.

## அறிகுறி 6: செருகியிருந்தும் ஏறவில்லை

### 80-க்கு அருகில் நின்றுவிடுகிறது என்றால்

பெரும்பாலும் இது குறையே அல்ல. எப்போதும் நிறைந்தே, அதுவும் சூட்டில் இருக்கும் லித்தியம் அயனி பேட்டரி சீக்கிரம் முதுமையடைவதால், உற்பத்தியாளர்களின் துணைப் பயன்பாடுகளும் இயங்குதளமும் 80 சதவீதத்தில் நிறுத்தும் வசதியைத் தருகின்றன. நாளெல்லாம் மேசையில் சார்ஜரோடு வேலை செய்பவர்கள் அதை அப்படியே விட்டுவிட வேண்டும் என்று வற்புறுத்திச் சொல்வேன். வெளியே போகும் நாளுக்கு முந்தைய இரவு மட்டும் வரம்பை எடுத்தால் போதும்.

### சார்ஜ் மிக மெல்ல ஏறுகிறது, அல்லது வேலை செய்தால் இறங்குகிறது என்றால்

சார்ஜரின் மேல் அச்சிட்ட வாட் எண்ணைக் கணினியோடு வந்த சார்ஜரின் எண்ணோடு ஒப்பிட வேண்டும். 65 வாட் கேட்கும் கணினிக்குக் கைப்பேசிச் சார்ஜர் போதாது. சார்ஜர் சரியாக இருந்தால் கம்பியைச் சந்தேகிக்க வேண்டும். அடையாளச் சில்லு இல்லாத யூஎஸ்பி சி கம்பி 60 வாட்டுக்கு மேல் கடத்தாது. 100 வாட் சார்ஜரோடு அதைச் சேர்த்தாலும் கிடைப்பது 60 தான்.

### சற்றும் ஏறவில்லை என்றால்

வேறு மின் துளையிலும், முடிந்தால் வேறொரு சார்ஜரிலும் சோதியுங்கள். கணினி சூடாக இருந்தால் ஆறவிடுங்கள், ஏனெனில் சூடு தணியும்வரை பல கணினிகள் தாமே சார்ஜை நிறுத்தி வைக்கும். பிறகு அணைத்து, சார்ஜரைக் கழற்றி, பவர் பொத்தானை 30 நொடி அழுத்திப் பிடித்துவிட்டுத் தொடங்கிப் பாருங்கள். அதற்கும் அசையவில்லை என்றால், டிவைஸ் மேனேஜரில் 'பேட்டரீஸ்' பிரிவில் உள்ள ஏசிபிஐ பேட்டரி வரியை நீக்கிவிட்டு மறுதொடக்கம் செய்தால் விண்டோஸ் அதைத் தானே மறுபடி நிறுவிக்கொள்ளும். இவ்வளவுக்கும் மசியவில்லை என்றால் சார்ஜ் துளையோ தாய்ப்பலகையோ பழுதாகியிருக்கலாம். அது பழுதுபார்க்கும் வல்லுநரின் வேலை.

## அறிகுறி 7: மாற்றங்களுக்குப் பிறகு சுட்டி தயங்குகிறது, வைஃபை அறுபடுகிறது

மின்சேமிப்பு அளவுக்கு மீறிப் போயிருக்கிறது. லினக்ஸில் பவர்டாப் என்னும் மின்சேமிப்புக் கருவியின் தானியங்கிச் சீரமைப்பை இயக்கியவர்களுக்கு இது அடிக்கடி வரும். யூஎஸ்பி சுட்டியைச் சில நொடிகளில் உறங்க வைத்துவிடுவதால் முதல் அசைவு தொலைந்துபோகும். அந்த ஒரு கருவிக்கு மட்டும் உறக்கத்தை விலக்குங்கள். விண்டோஸில் வைஃபை அட்டையின் 'பவர் மேனேஜ்மென்ட்' பிரிவில், மின்சாரம் சேமிக்க அதை அணைக்கும் அனுமதிக்கான குறியை எடுத்துவிட்டுப் பாருங்கள். இவற்றில் மிச்சமாவது மிகக் கொஞ்சம். அதற்காக நாள் முழுதும் எரிச்சலோடு வேலை செய்யத் தேவையில்லை.

## எப்போது நிறுத்திக்கொண்டு வல்லுநரிடம் போக வேண்டும்

தொடுபலகை மேலே தூக்கிக்கொண்டு சொடுக்க மறுத்தாலோ, அடிமூடி சமதளத்தில் ஆடினாலோ, விளிம்பில் முன்பு இல்லாத இடைவெளி ஒன்று தெரிந்தாலோ, பேட்டரி வீங்கியிருக்கிறது. அந்த நொடியே அணைத்து, சார்ஜரைக் கழற்றி, எரியக்கூடிய பொருள்கள் இல்லாத இடத்தில் வைக்க வேண்டும். அழுத்தி உள்ளே தள்ளவோ, குத்தவோ, நெம்பவோ கூடாது. வீங்கிய பேட்டரியை வைத்துக்கொண்டு எந்த அமைப்பையும் சோதிக்கவும் கூடாது. இனிப்பு கலந்த கரைப்பான் வாடை வந்தாலும் இதுவே விதி.

அதைத் தவிர, கொள்ளளவு 60 சதவீதத்துக்குக் கீழே போனபோதும், அளவைச் சீர்செய்த பின்னும் திடீரென அணையும்போதும், வேறு சார்ஜர் இட்டும் ஏறாதபோதும் கணினியை வல்லுநரிடம் கொடுத்துவிடலாம். மேக்கில் 'சர்வீஸ் ரெக்கமெண்டட்' என்ற செய்தி வந்தாலும் அப்படியே. உத்தரவாதக் காலம் மிச்சமிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தால் நீங்களே மூடியைக் கழற்ற வேண்டாம்.

போகும்போது பேட்டரி அறிக்கையையும், உறக்கக் குறை என்றால் ஸ்லீப்ஸ்டடி அறிக்கையையும் ஒரு பென் டிரைவில் எடுத்துக்கொண்டு போங்கள். 'சீக்கிரம் தீர்கிறது' என்று சொல்பவரின் கணினியில் வல்லுநர் தொடக்கத்திலிருந்து தேட வேண்டியிருக்கும். 'கொள்ளளவு 82 சதவீதம் இருக்கிறது, இரவில் 15 சதவீதம் போகிறது, அறிக்கையில் வைஃபை அட்டை முதலிடத்தில் நிற்கிறது, டிரைவரைப் புதுப்பித்தும் மாறவில்லை' என்று சொல்பவருக்கு அவர் முதலில் தொடுவது அந்த அட்டையாக இருக்கும். தேவையில்லாத பேட்டரி ஒன்றை உங்கள் தலையில் கட்ட வேண்டிய நிலையும் வராது.